வீட்டுக் கணினியில் ஒரு பொதுக் கோப்புறை

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீடுகளில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. எல்லோரும் ஒரே பயனர் கணக்கில் உள்நுழைந்து, மேசைத்திரை முழுவதும் கோப்புகளைப் பரப்பி வைத்துக்கொள்வது ஒரு முறை. ஆளுக்கொரு கணக்கு இருந்தும், ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதைப் பென்டிரைவில் நகலெடுத்தோ வாட்ஸ்அப்பில் அனுப்பியோ, அதே கணினியில் வேறு கணக்கிலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்வது இன்னொரு முறை. இதில் ஒரே புகைப்படம் ஒரே வன்தட்டில் மூன்று இடங்களில் கிடக்கும் என்பதோடு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் அதன் தரமும் குறைந்துபோயிருக்கும்.

எங்கள் வீட்டு மேசைக் கணினியில் உபுண்டு லினக்ஸ் இயங்குகிறது. நான், மனைவி, மகள், அப்பா ஆகிய நால்வருக்கும் தனித்தனிக் கணக்குகள் உள்ளன. வீட்டுக்குள் எதற்குத் தனிக் கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. வங்கிக் கடவுச்சொற்களை நினைவில் வைத்திருக்கும் உலாவியில் பள்ளிப் பிள்ளை விளையாட்டுத் தளங்களைத் திறக்க வேண்டியதில்லை என்பதும், அப்பாவுக்கு வேண்டிய பெரிய எழுத்தளவு எனக்கு வேண்டியதில்லை என்பதும் அதற்குப் போதுமான விடைகள். ஆகவே கணக்குகளைப் பிரித்தே வைத்துக்கொண்டு, பொதுவானவற்றுக்கு மட்டும் ஓர் இடம் ஒதுக்குவது எப்படி என்பதே இந்தப் பதிவு. பகிர்வு என்பது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே செய்யப்படும் வேலையாக இருந்தால் அது நிலைக்காது. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தானாகவே நிகழ வேண்டும் என்பது என் கருத்து.

லினக்ஸின் அனுமதி முறை யூனிக்ஸிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் ஒரே இயந்திரத்தைப் பலர் முனையங்கள் வழியே பயன்படுத்திய காலத்து ஏற்பாடு அது என்பதால், நால்வர் உள்ள ஒரு வீட்டுக்கும் அது இன்றுவரை பொருந்திவருகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழுவினர், மற்றவர்கள் என்ற மூன்று தரப்பினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று அனுமதிகள் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று கூட்டிச் சொல்வது மரபு. 640 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இதுவரை எல்லோரும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். குழப்பம் தொடங்குவது கோப்புறைகளில்தான். கோப்புறை என்பது உண்மையில் ஒரு பதிவேடு. இன்ன பெயருள்ள கோப்பு வட்டில் இன்ன எண்ணில் இருக்கிறது என்ற வரிகள் மட்டுமே அதில் உள்ளன. கோப்புறையைப் படிக்கும் அனுமதி என்பது அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்க்கும் அனுமதி. எழுதும் அனுமதி என்பது வரிகளைச் சேர்க்கவும் அடிக்கவும் உள்ள அனுமதி. இயக்கும் அனுமதி என்பது அந்தப் பதிவேட்டைத் தாண்டி உள்ளே செல்லும் அனுமதி. ஒரு கோப்பை அழிப்பது பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பதே என்பதால், கோப்பின் மீது எழுதும் அனுமதி இல்லாத ஒருவரும், கோப்புறையின் மீது அந்த அனுமதி இருந்தால், அதை அழித்துவிட முடியும். ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிவைத்த கோப்பு எப்படிக் காணாமல் போயிற்று என்று வியப்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. அதேபோல், ஒரு கோப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டாலும், அதற்குச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் இயக்கும் அனுமதி இல்லையென்றால் யாராலும் அதை எட்ட முடியாது. உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கப்படும் பயனர்களின் இல்லக் கோப்புறைகள் 755 என்பதற்குப் பதிலாக 750 என்ற அனுமதியுடன் அமைகின்றன. முன்பெல்லாம் அண்ணன் கணக்கிலிருந்து தம்பியின் ஆவணங்களைத் தடையின்றிப் படிக்க முடிந்தது; இப்போது வாசலிலேயே நின்றுவிடும். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

சிக்கல் வந்தவுடன் பலரும் எடுக்கும் ஆயுதம் 777. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் அது. ‘மற்றவர்கள்’ என்பதில் வீட்டார் மட்டுமல்லாமல் கணினியின் பின்புலத்தில் இயங்கும் சேவைகளின் கணக்குகளும் அடங்கும் என்பதால் அது பாதுகாப்பற்றது என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் குறை வேறு: அது நீடிப்பதில்லை. இன்று இருக்கும் கோப்புகளை 777 ஆக்கலாம். நாளை மனைவி அதே கோப்புறையில் சேமிக்கும் புதிய கோப்பு அவருடைய கணக்கின் இயல்பிருப்பு (தானாக அமையும்) அனுமதியோடுதான் பிறக்கும். மறுநாள் நான் அதைத் திருத்த முயன்றால் மறுக்கப்படும். மறுபடியும் கட்டளைச் சாளரம், மறுபடியும் அதே கட்டளை. போதாக்குறைக்கு, கோப்புறையோடு சேர்த்து உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் இயக்கும் அனுமதி கிடைத்து, திருமணப் படங்களும் மின்கட்டண ரசீதுகளும் இயக்கக்கூடிய நிரல்களாகக் குறிக்கப்பட்டுவிடும்.

சரியான தொடக்கம் ஒரு குழு. நிர்வாகிக் கணக்கிலிருந்து குடும்பம் என்ற பெயரில் ஒரு குழுவை உருவாக்கி (பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கொடுத்துவிடுவது தொல்லையற்றது), நான்கு பயனர்களையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஒவ்வொருவரும் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். குழு உறுப்பினர் பட்டியல் உள்நுழையும் வேளையில்தான் வாசிக்கப்படுகிறது. ‘எல்லாம் சரியாகச் செய்தும் வேலை செய்யவில்லை’ என்று என்னிடம் வரும் கேள்விகளில் பல இந்த ஒரு படியோடு தீர்ந்துவிடுகின்றன. அடுத்து, எல்லோருடைய இல்லக் கோப்புறைகளும் இருக்கும் ஹோம் கோப்புறையின் கீழ், யாருடைய இல்லத்துக்குள்ளும் இல்லாமல், பொது என்று ஒரு கோப்புறை. அதன் குழுவைக் குடும்பம் என்று மாற்றி, அனுமதியை 2770 என்று வைக்க வேண்டும்.

முன்னால் உள்ள அந்த 2 தான் இந்த ஏற்பாட்டின் உயிர். அதன் பெயர் செட்ஜிஐடி. சாதாரணமாக ஒருவர் உருவாக்கும் கோப்பு அவருடைய சொந்தக் குழுவைப் பெறும். செட்ஜிஐடி இடப்பட்ட கோப்புறையில் உருவாகும் கோப்போ, உருவாக்கியவர் யாராக இருந்தாலும், கோப்புறையின் குழுவையே பெறும். உள்ளே உருவாகும் துணைக் கோப்புறைகளுக்கும் அந்த 2 தானாகவே இறங்கும். மேக் கணினிகளில் இதைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. யூனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டி மரபில் வந்த அந்த இயங்குதளத்தில் புதிய கோப்பு எப்போதும் கோப்புறையின் குழுவையே எடுத்துக்கொள்கிறது.

குழு சரியாக அமைந்தாலும், குழுவினருக்கு எழுதும் அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. அதைத் தீர்மானிப்பது, புதிய கோப்பில் எந்த அனுமதிகளை நீக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் என்ற மதிப்பு. அது 022 என்றால் புதிய கோப்பு 644 ஆகப் பிறக்கும், குழுவினர் படிக்க மட்டுமே முடியும். 002 என்றால் 664, குழுவினர் எழுதவும் முடியும். டெபியன், ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸ்களில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒருவர் மட்டும் உள்ள குழு ஒன்று உருவாக்கப்படுவதைப் பார்த்து, இது என்ன வெட்டி வேலை என்று நினைத்தவர்கள் இருப்பீர்கள். அதன் நோக்கம் இதுதான். சொந்தக் குழுவில் தான் மட்டுமே இருப்பதால், ஒருவர் 002 என்று வைத்துக்கொண்டாலும் அவருடைய இல்லத்தில் எந்தத் தீங்கும் நேராது. பொதுக் கோப்புறையில் மட்டும் அது பலன் தரும். அழகான சிந்தனை. ஆனால் யூமாஸ்க்கை எங்கே மாற்றினால் வரைகலைச் செயலிகள் அனைத்துக்கும் அது போய்ச் சேரும் என்பது வெளியீட்டுக்கு வெளியீடு மாறுகிறது என்பதால், நான் அதை நம்பியிருப்பதில்லை.

அதற்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது இயல்பிருப்பு அணுகல் பட்டியல், அதாவது ஏசிஎல். 2003இல் வெளிவந்த லினக்ஸ் 2.6 கருவிலிருந்து (இயங்குதளத்தின் மையப் பகுதி) இது முறையாக இணைக்கப்பட்டிருக்கிறது. செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் பொதுக் கோப்புறைக்கு ‘இனி இங்கே பிறக்கும் எதுவும் குடும்பம் குழுவுக்குப் படிக்க, எழுதத் திறந்திருக்கும்’ என்ற இயல்பிருப்பை விதித்துவிட்டால், அந்தக் கோப்புறைக்குள் யூமாஸ்க் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படாது. கோப்புகளின் விரிவான பட்டியலில் அனுமதி எழுத்துகளின் இறுதியில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால், இந்தப் பட்டியல் நடைமுறையில் உள்ளது என்று பொருள். கூடுதல் வசதியாக, குழுவுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு மட்டும் தனியாக அனுமதி கொடுக்கவும் இதில் வழி இருக்கிறது. பழைய பாடல்கள் உள்ள துணைக் கோப்புறையை, குழுவில் சேர்க்காத ஒரு விருந்தினர் கணக்குக்குக் கேட்க மட்டும் நான் திறந்து வைத்திருப்பது அப்படித்தான்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. உண்மையான தொல்லை இதற்குப் பிறகே வருகிறது.

புதிதாகப் பிறக்கும் கோப்புகளைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். வீடுகளிலோ கோப்புகள் பொதுக் கோப்புறையில் பிறப்பது குறைவு. அவை யாரோ ஒருவருடைய பதிவிறக்கக் கோப்புறையில் பிறந்து, பிறகு இங்கே கொண்டுவரப்படுகின்றன. அப்படிக் கொண்டுவரும்போது நகலெடுத்து ஒட்டுவதற்கும் வெட்டி ஒட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நகலெடுத்தால் புதிய கோப்பு உருவாகிறது, ஆகவே கோப்புறையின் விதிகள் அதற்குப் பொருந்தும். வெட்டி ஒட்டினால், ஒரே வட்டுப் பகுதிக்குள் எதுவும் புதிதாக உருவாவதில்லை. ஒரு பதிவேட்டில் வரி அடிக்கப்பட்டு, மற்றொன்றில் எழுதப்படுகிறது. கோப்பு தன் பழைய உரிமையாளர், பழைய குழு, பழைய அனுமதி ஆகியவற்றோடு அப்படியே வந்து உட்காரும். வேறு வட்டுப் பகுதிக்கு நகர்த்தினாலும், லினக்ஸின் எம்வி கட்டளை பழைய அடையாளங்களை முடிந்தவரை காப்பாற்றவே முயலும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பிலும் ஒரே பகுதிக்குள் நகர்த்தினால் பழைய அனுமதிகள் கூடவே வரும் என்பதே அடிப்படை விதி. பொதுக் கோப்புறையில் சில கோப்புகள் மட்டும் திறக்க மறுப்பது ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், அவை வெட்டி ஒட்டப்பட்டவையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நகலெடுப்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. நகலெடுக்கும் சிபி கட்டளை புதிய கோப்பை உருவாக்கும்போது மூலக் கோப்பின் அனுமதி எண்ணை அடிப்படையாகக் கொள்கிறது. மூலம் 600 என்று உரிமையாளருக்கு மட்டும் இருந்தால், ஏசிஎல் பட்டியலில் குடும்பத்துக்கு எழுதும் அனுமதி இருப்பதாகத் தெரிந்தாலும், அந்தப் பட்டியலிலேயே உள்ள மாஸ்க் என்ற உச்ச வரம்பு (இது யூமாஸ்க் அல்ல) அதைச் செயலற்றதாக்கிவிடும்.

வீட்டில் உள்ள எல்லோரிடமும் ‘வெட்டாதீர்கள், நகலெடுங்கள்’ என்று சொல்லிவைப்பது நடக்கிற காரியமில்லை. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தால் அந்த ஏற்பாடு தோற்றுவிட்டது என்றே பொருள். இரண்டு தீர்வுகள் உள்ளன. முதலாவது, நிர்வாகியின் சார்பில் குறித்த இடைவெளியில் தானாக இயங்கி, பொதுக் கோப்புறையில் உள்ள எல்லாவற்றின் குழுவையும் அனுமதியையும் சரிசெய்யும் ஒரு சிறு வேலை. அதில் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைப் பயன்படுத்தும்போது இயக்கும் அனுமதிக்குச் சிறிய எக்ஸ் எழுத்துக்குப் பதிலாகப் பெரிய எக்ஸ் எழுத்தைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயக்கத்தக்க கோப்புகளுக்கும் மட்டும் அந்த அனுமதி சேரும். இரண்டாவது தீர்வு பைண்ட்எஃப்எஸ் என்ற மென்பொருள். அது ஒரு கோப்புறையை வேறோர் இடத்தில் பிரதிபலித்துக் காட்டி, அந்த வழியாகப் பார்ப்பவர்களுக்கு எல்லாக் கோப்புகளும் நாம் விதித்த குழுவோடும் அனுமதியோடும் இருப்பதாகவே தோன்றச் செய்கிறது. வேகம் சற்றுக் குறையும் என்றாலும், புகைப்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் அது ஒரு பொருட்டல்ல. நான் பைண்ட்எஃப்எஸ்ஸையே விரும்புகிறேன். சரிசெய்யும் வேலை இயங்கும் வரை காத்திருக்கச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை.

விண்டோஸில் இவ்வளவு பாடு இல்லை. விஸ்டா முதலே யூசர்ஸ் கோப்புறைக்குள் பப்ளிக் என்ற இடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. எக்ஸ்பியில் அது ஷேர்டு டாக்குமென்ட்ஸ் என்று அழைக்கப்பட்டது. பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்குப் பதிலாக நிர்வாகிக் கணக்கிலிருந்து மற்றவரின் கோப்புறையைச் சொடுக்கி, ‘அனுமதி இல்லை, தொடரவா’ என்று வரும் சாளரத்தில் தொடர் என்று அழுத்திவிடுகிறார்கள். அந்தப் பொத்தான் ஒருமுறை மட்டும் உள்ளே விடுவதில்லை. அந்த நிர்வாகிக்கு நிரந்தர அனுமதியைக் கோப்புறையில் எழுதிவைத்துவிடுகிறது. மேக்கில் ஷேர்டு என்ற கோப்புறை உண்டு, ஆனால் அதில் ஸ்டிக்கி பிட் இடப்பட்டிருப்பதால் ஒருவர் வைத்ததை மற்றவர் அழிக்க முடியாது. திருத்தவும் இயல்பாக அனுமதி இருக்காது. படங்களைப் பார்க்கக் கொடுப்பதற்கு அது போதும், சேர்ந்து ஒரு வரவுசெலவுக் கணக்கு எழுதுவதற்குப் போதாது.

எதையெல்லாம் பொதுவில் வைப்பது என்பதிலும் சற்று யோசனை வேண்டும். புகைப்படங்களும் பாடல்களும் பொதுவில் இருக்கட்டும். ஆதார் நகல்கள், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது போன்றவற்றை நான் பெரியவர்கள் என்ற இன்னொரு குழுவின் கோப்புறையில் வைத்திருக்கிறேன். ஒரு பயனர் எத்தனை குழுக்களிலும் இருக்கலாம் என்பதால் இதற்குத் தடையில்லை. பொதுக் கோப்புறையில் எல்லோரும் எழுதலாம் என்றால், ஒருவருடைய கணக்கில் புகுந்த தீய நிரலும் அங்கே எழுதலாம் என்பதை மறக்க வேண்டாம். குப்பைத்தொட்டியின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொதுக் கோப்புறை இல்லக் கோப்புறைகள் உள்ள அதே வட்டுப் பகுதியில் இருந்தால், அழிக்கப்பட்ட கோப்பு அதை அழித்தவருடைய குப்பைத்தொட்டிக்குப் போகும். அதை வைத்தவருடைய தொட்டிக்கு அல்ல. தேடுகிறவர் தன் தொட்டியில் பார்த்துவிட்டு நிரந்தரமாகப் போய்விட்டது என்று முடிவு செய்துவிடுவார்.

ஒரே கோப்பை இருவர் ஒரே சமயத்தில் திறப்பது பழைய சிக்கல். எம்ஐடியில் 1960களில் இயங்கிய சிடிஎஸ்எஸ் என்ற பகிர்வுக் கணினியில், நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இரண்டு கோப்புகளைத் திருத்தியபோது, திருத்தி மென்பொருள் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைப் பயன்படுத்தியதால், அவை இடம் மாறிவிட்டன. அன்று உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்தன. அந்த அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தம் டூரிங் விருது உரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருவர் ஒரே நொடியில் தட்டச்சு செய்யப் போவதில்லை; ஆனால் ஒருவர் ஆவணத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பயனர் மாற்றம் செய்து எழுந்து போவது அன்றாடம் நடக்கும். லிப்ரெஆபிஸ் அதே கோப்புறையில் ஒரு மறைவான பூட்டுக் கோப்பை வைத்து, இரண்டாவதாகத் திறப்பவருக்கு எச்சரிக்கை காட்டுகிறது. சாதாரண உரைக்கோப்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. கடைசியாகச் சேமித்தவருடையதே நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதாலும், ‘கோ’ போன்ற எழுத்து இரண்டு குறியீடுகளால் ஆனது என்பதாலும், 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடுகள் வரை இடம் இருப்பதால், விண்டோஸில் வைத்த நீண்ட தமிழ்ப் பெயர் இங்கே நகலாக மறுக்கலாம். இன்னொன்று, ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘கோயில் படங்கள்’ என்ற இரண்டு கோப்புறைகள் அருகருகே இருந்தால், அவற்றில் ஒன்று வேறு விசைப்பலகையிலிருந்தோ மேக்கிலிருந்தோ வந்திருக்கக்கூடும்.

காப்பு நகல் எடுக்கும்போது, கோப்பில் உரிமையாளரின் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை, எண் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உபுண்டுவில் முதல் பயனர் 1000, அடுத்தவர் 1001. கணினியை மீண்டும் நிறுவும்போது கணக்குகளை வேறு வரிசையில் உருவாக்கினால், என் கோப்புகள் மகளுடையவையாகவும் அவளுடையவை அப்பாவுடையவையாகவும் மாறி நிற்கும். ஆகவே பயனர்கள், குழுக்கள் ஆகியவற்றின் எண்களைக் காப்பு நகலோடு ஓர் உரைக்கோப்பில் குறித்து வைப்பது நல்லது. நகலை நிர்வாகி உரிமையோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவருக்குத் திறக்காத கோப்புகள் விடுபட்டுப்போகும். நகலெடுக்க ஆர்சிங்க் கட்டளையைப் பயன்படுத்துவோர் வழக்கமான சிறிய ஏ விருப்பத்தோடு பெரிய ஏ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஏனெனில் ஏசிஎல் பட்டியல்கள் முதலாவதில் அடங்குவதில்லை. எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடி வடிவிலுள்ள வெளி வட்டில் உரிமையாளர், குழு என்ற தகவல்களுக்கே இடம் கிடையாது. அந்த வட்டில் எடுத்த நகலை மீட்டபின் 2770 அனுமதியையும் இயல்பிருப்பு ஏசிஎல்லையும் கையாலேயே மறுபடி இட வேண்டியிருக்கும்.